ஒன்பது கிராம் துடைப்பம்

இதை நான் என் காதால் கேட்கவில்லை. விசாரணைகளில் வாக்குமூலம் தட்டச்சு செய்யும் வேலையில் இருக்கிற என் அண்ணி சொல்லித்தான் தெரியும். படையின் உதிரிபாகக் கிடங்குப் பொறுப்பாளர் ஒருவர் அன்று வாக்குமூலம் கொடுக்க வந்திருந்தார். விசாரணை அதிகாரி மூன்றரை மணிக்கு வருவார். அதற்குள் அறிக்கை தட்டச்சாகி, கையெழுத்தாகி, மேசைமேல் இருக்க வேண்டும். படையின் கணினிகளை எல்லாம் ஒன்றாக இணைத்தபோது ஒரு தவறு நடந்துவிட்டது. அதற்கு ஒப்பந்த வேலையில் இருந்த ஓர் இளம்பெண்ணைப் பொறுப்பாக்கி வெளியே அனுப்புவதா வேண்டாமா என்பது இவருடைய அறிக்கையைப் பொறுத்து இருந்தது. அவர் ஒரு மணி நேரம் பேசினார். அண்ணி ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேசுவது அண்ணியின் வேலை இல்லை. ஆனால் கேட்டதைக் கேட்ட குரலிலேயே திருப்பிச் சொல்ல அண்ணியால் முடியும். கூடக் குறைய ஏதாவது இருந்தால் அது நான் எழுதும்போது வந்ததாக இருக்கும்.

*

…ஒண்ணாக்குறாங்களாம்மா, ஒண்ணாக்குறாங்க! முப்பத்துநாலு வருஷமா தனித்தனியா ஓடிட்டு இருந்தத ஒன்பது மாசத்துல ஒண்ணாக்குறாங்களாம்! அண்ணன் தம்பி ரெண்டு பேர ஒரே வீட்ல ஒன்பது நாள் வெக்க முடியல, இவனுங்க நாப்பத்தொரு முகாம், நாப்பத்தொரு கிடங்கு, நாப்பத்தொரு கம்ப்யூட்டர் வலை… இருங்க இருங்க, இத எழுதாதீங்க. இது அறிக்கை இல்ல. இது சும்மா பேச்சு. அறிக்கை வரும்போது 'எழுதுங்க'ன்னு நானே சொல்றேன், அப்பத் தட்டுங்க. சரியா? வாயத் தொறக்க வேணாம், தலைய ஆட்டுனா போதும்.

ம்… அந்த ஏசி என்ன சொட்டுது? பக்கெட் வெச்சிருக்கீங்க. பாத்தீங்களா, இதுதான் இந்தப் படை. ஏசிக்குப் பக்கெட்டு, கம்ப்யூட்டருக்குக் கோடி கோடியா திட்டம்.

முன்னாடி எப்படி இருந்துச்சு தெரியுமா? எங்க தளபதி மேசைல மூணு கம்ப்யூட்டர். தலைமையகக் கடிதத்துக்கு ஒண்ணு, முகாம் வேலைக்கு ஒண்ணு, ரகசியத்துக்கு ஒண்ணு. ஒண்ணுல இருக்குறது இன்னொண்ணுக்குப் போகாது. மூணு பொண்டாட்டி கட்டுனவன் மாதிரி மனுஷன் ஒவ்வொண்ணு முன்னாடியும் கொஞ்ச நேரம் உக்காந்து எழுந்திரிப்பாரு… தப்பா எடுத்துக்காதீங்கம்மா, ஒரு பேச்சுக்குச் சொன்னேன். கஷ்டந்தான், நான் இல்லங்கல. ஆனா எத எங்க வெச்சோம்னு அவருக்குத் தெரியும். இப்ப ஒரே கம்ப்யூட்டரு. எது எங்க இருக்குன்னு ஒருத்தனுக்கும் தெரியல! கேட்டா, 'எல்லாம் உள்ளதான் இருக்கு சார், தேடுங்க சார்'ங்குறான். ஏன்டா, தேடவா நான் வேலைக்கு வந்தேன்? எடுத்துக் குடுக்க வந்தவன்டா நான்!

'ஒரே படை, ஒரே வலை'ன்னு செவுரு பூரா போஸ்டர். அந்தப் போஸ்டர்ல ஒருத்தன் கம்ப்யூட்டரப் பாத்துச் சிரிக்கிறான். முப்பத்துநாலு வருஷத்துல கம்ப்யூட்டரப் பாத்துச் சிரிச்ச ஆள நான் பாத்ததே இல்லம்மா. முறைச்ச ஆளப் பாத்திருக்கேன். தட்டுன ஆளப் பாத்திருக்கேன்.

அப்புறம் பயிற்சின்னு கூப்பிட்டானுங்க. நாலு மணி நேரம். பெரிய கூடம், இருட்டு, முன்னால படம் ஓடுது. பாடம் நடத்துனவன் ஒரு நட்டு போல்ட்டக் கையால தொட்டிருக்க மாட்டான். 'தரவு ஒரு சொத்து'ங்குறான். பக்கத்துல எங்க வண்டிப் பிரிவு ஆளு மெல்ல என் காதுல, 'அண்ணே, சொத்துன்னா நம்ம பேர்ல எழுதி வெப்பாங்களாண்ணே'ன்னு கேக்குறான். டீ இடைவேளைன்னதும் பாக்கணுமே… பிஸ்கட் தட்டு ரெண்டு நிமிஷத்துல காலி. பந்திக்கு முந்துறதுல எங்க ஆளுங்கள அடிச்சுக்க எந்த நாட்டுப் படையும் கிடையாது.

சரி, அத விடுங்க. இந்த அட்டை இருக்கே, அட்டை! கழுத்துல தொங்குது பாருங்க, மாட்டுக்கு மணி கட்டுன மாதிரி. கம்ப்யூட்டர்ல செருகுனாத்தான் அது மூச்சு விடும். கதவும் இதே அட்டைக்குத்தான் தொறக்கும். முதல் வாரம். அட்டை உள்ள கம்ப்யூட்டர்ல, நான் கை கழுவிட்டு வெளிய வராந்தால. கதவு சாத்திக்கிச்சு! அட்டை வேணும்னா கதவு தொறக்கணும், கதவு தொறக்கணும்னா அட்டை வேணும். வேற ஒருத்தன் போன வாங்கி உதவி மையத்தக் கூப்பிட்டேன். 'சார், உங்க கம்ப்யூட்டர்லேருந்து ஒரு புகார் பதிவு பண்ணுங்க சார், வரிசைப்படி வருவோம்'ங்குறான். அடேய், கம்ப்யூட்டரு உள்ள இருக்குடா, நான் வெளிய இருக்கேன்டான்னா, 'பதிவு இல்லாம வர முடியாது சார்'. தலையச் சுத்தி மூக்கத் தொடுறதுன்னு கேள்விப்பட்டிருக்கேன். இவன் தலையச் சுத்திட்டு மூக்கத் தொடாமலே போயிட்டான். ஒண்ணே முக்கால் மணி நேரம் வராந்தால நின்னேம்மா. தூக்குச் சட்டி உள்ள. பசி.

எங்க பழைய மெஷின் அப்படியா? அதுக்கு நாங்க வெச்ச பேரு பெரியப்பா. காலைல சுவிட்சப் போட்டா கர்ரு புர்ருன்னு தொண்டையச் செருமிட்டுத்தான் எந்திரிக்கும். ஆனா எந்திரிச்சுடும்! யாருகிட்டயும் பேசாது, யாரு சொன்னாலும் கேக்காது, எங்க கிடங்கு கணக்கு எங்க கிடங்குக்குள்ளயே. ஒரு நாள் ரெண்டு பேரு தள்ளுவண்டில வெச்சு உருட்டிட்டுப் போனானுங்க. ஒரு துணி கூடப் போத்தல.

சிரிக்கிறீங்க. சிரிங்க சிரிங்க. எனக்கு இன்னும் அறுபத்தொரு நாள்ல ஓய்வு. நான் ஏன் இதெல்லாம் தலைல போட்டுக்கணும்? சொல்லுங்க?

என்ன சொல்ல வந்தேன்… ஆங், சீல். ஆயில் சீல்னா தெரியுமாம்மா? இவ்வளவுதான், குழந்தை வளையல் அளவுல ஒரு ரப்பர் வளையம். ஹெலிகாப்டர் மேல சுத்துதுல்ல விசிறி, அதுக்கு அடில கியர் பெட்டி இருக்கு. அதுலேருந்து எண்ணெய் ஒழுகாம இருக்க இத வெக்கணும். எடை ஒன்பது கிராம். இந்த ஒன்பது கிராம் இல்லன்னா அந்த ஒன்பது டன்னு தரைய விட்டு எந்திரிக்காது. அவ்வளவுதான் விஷயம். இதுக்குத்தான் உங்களையும் என்னையும் இந்தப் பக்கெட்டையும் ஒரே ரூம்ல உக்கார வெச்சிருக்காங்க.

நடந்தது என்ன? புதுக் கம்ப்யூட்டரு ஒரு நாள் தானா உக்காந்து யோசிச்சுதாம். மனுஷன் யோசிக்கல, அது யோசிச்சுது. பதினோரு மலை முகாம்ல துடைப்பம் இல்ல. எங்க கிடங்குல நீளக் கைப்பிடித் துடைப்பம் அறுநூத்துப் பன்னெண்டு இருக்கு. இங்க வழியுது, அங்க இல்ல. அனுப்புடா! உத்தரவு போட்டுடுச்சு. ஒரு தளபதி கையெழுத்து இல்ல, ஒரு சீட்டு இல்ல. பதினாலாம் அடுக்கு, மூணாம் தட்டு, இருக்குறத மொத்தமா கட்டி அனுப்புன்னு அச்சடிச்சுத் துப்பிடுச்சு. அன்னிக்குப் பாத்து நான் ரெண்டு நாள் லீவு. கடவாய்ப் பல்லு. கன்னம் இந்தா இவ்வளவு வீங்கிக் கெடக்கேன். என் கீழ இருக்குற அஞ்சு அறிவாளிங்களும் தட்டுல இருந்தத அள்ளி, பெட்டில போட்டு, 'துடைப்பம், நீளக் கைப்பிடி'ன்னு சீட்டு ஒட்டி அனுப்பிட்டானுங்க.

எத்தன பெட்டி தெரியுமா? ஒரே பெட்டி! இந்த உயரம். திரும்பி வந்து கேட்டேன். 'ஏன்டா, அறுநூத்துப் பன்னெண்டு துடைப்பம், அதுவும் நீளக் கைப்பிடி, ஒரு அட்டைப்பெட்டிக்குள்ள அடங்குமாடா? வீட்ல துடைப்பத்தப் பாத்திருக்கீங்களாடா, இல்ல வாங்குன அடிதான் ஞாபகம் இருக்கா?' ஒருத்தன் சொல்றான், 'புது சிஸ்டம் அண்ணே, அது சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சோம்.' கேட்டீங்களா! கண்ணு சொல்றது பொய், கம்ப்யூட்டர் சொல்றது மெய்.

அந்தப் பெட்டியப் பதினொண்ணாப் பிரிச்சு மலைக்கு ஏத்தி அனுப்பிட்டாங்க. அங்க தொறந்து பாத்தா ரப்பர் வளையம். எவனாவது 'இது என்ன'ன்னு கேட்டானா? ஒருத்தன் கேக்கல! ஒரு முகாம்ல சூடான பாத்திரத்துக்கு அடில வெச்சிருக்கான். ஒரு முகாம்ல ஜன்னல் திரை கட்டியிருக்கான். ஒரு முகாம்ல குச்சி நட்டு வளையம் எறிஞ்சு போட்டி நடத்தி, ஜெயிச்சவனுக்குச் சான்றிதழ் வேற குடுத்திருக்கானுங்க. பெருக்குறதுக்கு மட்டும் ஒருத்தனும் உபயோகிக்கல, அந்த மட்டுக்கும் புத்தி இருக்கு.

இங்க என்ன ஆச்சு? ஹெலிகாப்டர் ஒர்க்‌ஷாப்புலேருந்து சீல் வேணும்னு வந்து நிக்கிறான். கம்ப்யூட்டர்ல பாத்தா படை முழுக்கச் சீல் இருப்பு பூஜ்யம். நான் சிரிச்சேன். 'கம்ப்யூட்டர் கிடக்குது தம்பி, அண்ணன் இருக்கேன்'னு நெஞ்ச நிமித்திட்டுப் பதினாலாம் அடுக்குக்குப் போய்க் கைய விட்டேன். தட்டு… வெறும் தட்டு. தூசிதான் கைல வந்துச்சு.

ரெண்டு ஹெலிகாப்டர் பத்தொன்பது நாள் தரைல.

பன்னெண்டாம் நாள் மேல ஒரு முகாம்ல சமையல்காரனுக்குக் குடல்வால் வெடிச்சிருச்சு. எப்பவும்னா நாப்பது நிமிஷம், ஹெலிகாப்டர் போயித் தூக்கிட்டு வந்துரும். எட்டு பேரு மாத்தி மாத்தி ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டு எறங்கியிருக்காங்க. இருபத்தாறு மணி நேரம். மழை வேற.

பொழச்சிட்டான். பொழச்சிட்டாம்மா, அப்படிப் பாக்காதீங்க. ஆஸ்பத்திரில போய்ப் பாத்தேன். நீங்க யாருன்னான். கிடங்குலேருந்து வரேன்னேன். 'ஓ, துடைப்பம் அனுப்புனவரா'ன்னு சிரிச்சுட்டு, வயித்தப் புடிச்சுக்கிட்டு, 'அண்ணே சிரிக்க வெக்காதீங்கண்ணே, தையல் இழுக்குது'ங்குறான். நானா சிரிக்க வெச்சேன்?

சரி. இப்ப யாரு தலைய உருட்டறது? படை என்னிக்காவது ஒரு தப்ப அனாதையா விட்டிருக்கா? மேல உக்காந்து யோசிச்சாங்க. நாப்பத்தொரு கிடங்குப் பட்டியலையும் ஒண்ணாச் சேத்தது யாரு? ஒரு ஒப்பந்தப் பொண்ணு. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டது அதுதான், தூக்குன்னுட்டாங்க. வேலை போறது மட்டும் இல்லம்மா. கறுப்புப் பட்டியல். அதுக்கப்புறம் ஒரு அரசாங்க ஆபீஸ்லயும் வாசப்படி மிதிக்க முடியாது. வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கே, பாத்தீங்கல்ல? கண்ணாடி போட்டுக்கிட்டு, மடில ஃபைல வெச்சுக்கிட்டு. அதான்.

அதுக்கு நான் வெச்ச பேரு கேள்வி. வந்த நாள்லேருந்து கேள்வி! 'ஐயா, இந்தப் பொருளுக்கு ஏன் ரெண்டு பேரு? ஐயா, இந்தக் கட்டம் ஏன் காலி? ஐயா, டஜனா, ஒத்தையா?' காதுல ஒரு பென்சில். கிடங்குக்குள்ள வந்தா ஒரு தட்டு விடாது. எங்க பசங்க அது வர்றதப் பாத்தாலே அடுக்குக்குப் பின்னால ஒளிஞ்சுக்குவானுங்க. எனக்கு எரிச்சல்னா எரிச்சல். முப்பத்துநாலு வருஷமா நான் பாக்காததயா நீ பாத்துடப் போற?

இன்னிக்கு நான் உள்ள வரும்போது என்ன பண்ணுச்சு தெரியுமா? எழுந்திரிச்சு நிக்கிது! 'வணக்கம் ஐயா'ங்குது! என்னத்துக்கு எழுந்திரிக்கணும்? நான் என்ன அதுக்கு வாத்தியாரா, மாமனாரா? அதோட தலைவிதி என் அறிக்கைல இருக்குன்னு தெரியும்ல, தெரிஞ்சும் சும்மா இருக்காம… எனக்கு அதான் புடிக்கல. மரியாதை குடுக்குறதுக்கும் ஒரு நேரங்காலம் இருக்கு.

நீங்க கேக்கல. கேக்க மாட்டீங்க, உங்க வேலை தட்டுறது. ஆனா மனசுல ஓடுது, எனக்குத் தெரியுது. 'சீலுக்குத் துடைப்பம்னு பேரு வெச்சது யாரு?' அதானே?

ம்.

அது ஒரு கதைம்மா. பதினோரு வருஷம் முன்னால. வேற முகாம்லேருந்து ஒரு கர்னல் வந்தாரு. எப்படித் தெரிஞ்சுது? எங்க இருப்புப் பட்டியல் எவனோ அவர்கிட்டக் காட்டியிருக்கான். 'சீல் இருநூறு இருக்காமே, அவசரம், எடு'ன்னாரு. ஒரு துண்டுச் சீட்டு. மொத்தத்தையும் வாரிட்டுப் போயிட்டாரு. அடுத்த வாரம் எங்க ஹெலிகாப்டர் நிக்கிது. யாருக்குக் குற்றப் பத்திரிகை? எனக்கு! 'இருப்பைப் பேணத் தவறியமை.' அவரு எடுத்துட்டுப் போனாரு, நான் தவறியமை! அன்னிக்கு முடிவு பண்ணேன். கண்ணுல படுறது களவு போகும். எவன் துடைப்பம் கேட்டு வருவான்? எந்தக் கர்னலாவது ஜீப்புல வந்து எறங்கி, 'அவசரம், துடைப்பம் எடு'ன்னு சொல்லுவாரா? பெரியப்பா மெஷின்ல உக்காந்து பேர மாத்துனேன். சீலு வந்தா துடைப்பம்னு ஏத்துவேன். ஒர்க்‌ஷாப்காரன் நேரா எங்கிட்ட வருவான், எடுத்துக் குடுப்பேன். மாசக் கடைசில துடைப்பம் தேஞ்சு போச்சுன்னு கழிச்சுடுவேன். பதினோரு வருஷத்துல ஒரு ஹெலிகாப்டர், ஒரே ஒரு ஹெலிகாப்டர், என்னால தரைல நின்னுச்சுன்னு சொல்லச் சொல்லுங்க பாப்போம்!

…இந்தப் பத்தொன்பது நாளத் தவிர.

எல்லாக் கிடங்குலயும் செய்றதுதாம்மா இது. முழுப் பூசணிக்காய எங்கதான் மறைக்கல? அந்தந்தக் கிடங்கு கணக்கு அந்தந்த மெஷினுக்குள்ள இருந்தவரைக்கும் ஒரு கெடுதலும் இல்ல. என் பொய் என் வீட்டுக்குள்ள இருந்துச்சு. இவனுங்க செவுத்த இடிச்சானுங்க. செவுத்த இடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா? 'ஐயா, உள்ள என்ன வெச்சிருக்கீங்க'ன்னு ஒரு வார்த்த?

…கேட்டுச்சு.

அந்தப் பொண்ணு கேட்டுச்சும்மா. அதான் வினையே. இணைக்கிறதுக்கு ஒரு வாரம் முன்னால பட்டியலக் காகிதத்துல எடுத்துட்டு வந்துச்சு, கிடங்குப் பொறுப்பாளர் கையெழுத்து வேணும்னு. என் மேசைக்கு எதிர்ல நின்னு, 'ஐயா, துடைப்பம் அறுநூத்துப் பன்னெண்டு இருக்கு. ஒண்ணோட எடை ஒன்பது கிராம்னு போட்டிருக்கே'ன்னுச்சு. எடைய மாத்த மறந்துட்டேம்மா! பேர மாத்துனேன், எடைய அப்படியே விட்டுட்டேன். பதினோரு வருஷம் அது அங்க உக்காந்திருக்கு, ஒரு தணிக்கைக்காரன் பாக்கல. ஒரு தளபதி பாக்கல. இது பாத்துச்சு.

எனக்குச் சுருக்குன்னுச்சு. மாட்டிக்கிட்டா மனுஷனுக்கு வாய்தானே நீளும்? 'ஏம்மா, துடைப்பம் என்ன எடை இருக்கும்னு உங்க வீட்ல சொல்லித் தரலையா? பெருக்கியே பழக்கம் இல்லையா?'ன்னேன். பசங்க எல்லாம் சிரிச்சானுங்க. நல்லாச் சிரிச்சானுங்க. அது முகம் செவந்து போச்சு. ஆனா போகல பாருங்க! 'அப்ப ஒன்பது கிராம் சரியா ஐயா?'ன்னு திரும்பக் கேக்குது. 'சரி, சரி, போ'ன்னேன். காதுலேருந்து பென்சில எடுத்து ஓரத்துல என்னமோ எழுதிட்டு, 'கையெழுத்துப் போட்டு வெயுங்க ஐயா, நாளைக்கு வாங்கிக்கிறேன்'னு காகிதத்த எங்கிட்ட விட்டுட்டுப் போச்சு. மறுநாள் போன் பண்ணுச்சு. போட்டாச்சு, வேலையப் பாருன்னேன். அதுங்களுக்கும் அவசரம், மேலேருந்து தேதி குடுத்துட்டாங்க. நான் சொன்னத நம்பிட்டு இணைச்சுடுச்சு. காகிதம் என் இழுப்பறைல.

விசாரணைல அது இதத்தான் சொல்லுது. 'ஐயாகிட்டக் கேட்டேன், காகிதம் குடுத்தேன்'னு. காகிதம் எங்கன்னா, ஐயாகிட்ட இருக்கும்னு சொல்லுது. போன வாரம் அதிகாரி எனக்கு போன் பண்ணாரு. அப்படி ஏதாவது காகிதம் உண்டான்னாரு. ஞாபகம் இல்லையேன்னுட்டேன். வாய்ல வந்துடுச்சும்மா. யோசிச்செல்லாம் சொல்லல. ஓய்வு நெருங்குது, பல்லு வேற இல்ல, 'ஞாபகம் இல்லை' சொல்றதுக்கு ஈசியா இருந்துச்சு.

இந்தா. இதான் அது. இழுப்பறைலேருந்து எடுத்து எட்டா மடிச்சு சட்டைப் பாக்கெட்ல வெச்சிருக்கேன். எழுதாதீங்க! இன்னும் அறிக்கைக்கு வரல நான். சும்மா காட்டுறேன். ஓரத்துல பென்சில்ல பாருங்க. 'எடை 9 கிராம், கேட்டேன். சரி என்றார்.' தேதி. மணி கூடப் போட்டிருக்கு, பத்து இருபது! கீழ என் கையெழுத்து. ஆமா, போட்டேன். போட்டு வெச்சு, குடுக்கல. ஏன் குடுக்கலன்னு கேட்டா… அது திரும்ப வந்து வாங்குறப்ப இன்னொரு கேள்வி கேக்கும்னு பயம்.

நேத்து வீட்ல துணி தொவைக்கப் போட்டப்ப என் வீட்டுக்காரி பாக்கெட்டத் துழாவி இத எடுத்து வெச்சா. முக்கியமான காகிதமான்னா. குப்பைன்னேன். 'குப்பைய எதுக்கு எட்டா மடிச்சு நெஞ்சுல வெச்சிருக்கீங்க'ன்னுட்டு அடுப்படிக்குப் போயிட்டா. அவளும் ஒரு கேள்வி. வீட்ல ஒண்ணு, வெளிய ஒண்ணு.

மணி என்ன… மூணு பத்தா? ஐயோ. சரி சரி, அறிக்கை. எழுதுங்க.

'பொருள் பட்டியல் இணைப்பின்போது மேற்படி பட்டியல் என் பார்வைக்குக் கொண்டுவரப்படவில்லை.' …தட்டிட்டீங்களா? படிங்க. …வேணாம், படிக்காதீங்க. அடிச்சுடுங்க. வேற எழுதுங்க. 'மேற்படி பட்டியல் காட்டப்பட்டிருக்கலாம், எனக்கு நினைவில்லை.' இது பரவாயில்லல்ல? 'இருக்கலாம்'. பொய்யின்னும் சொல்ல முடியாது, மெய்யின்னும் சொல்ல முடியாது. …என்னம்மா கை நிக்கிது? தட்டுங்க. நான் சொன்னா தட்டுறதுதானே… சரி, அதுவும் வேணாம். அடிங்க. 'பதவியில் இளையவர்கள் அவசரத்தில் செய்யும் பிழைகளுக்கு'… ச்சே. என்ன எழவு பாஷைம்மா இது. வாய்ல வெச்சா கசக்குது.

எங்க எந்திரிக்கிறீங்க? அம்மா? தண்ணியா? இந்தக் குடுவைலயே இருக்கே… நான் இன்னும் முடிக்கல. ஒரு வரி கூட இல்லாம அதிகாரி வந்தா என்ன சொல்லுவேன்? அம்மா… கதவச் சாத்திட்டுப் போங்க. அது பாக்குது. பெஞ்சுலேருந்து பாக்குது, சாத்துங்கன்னா…

பாரு, மறுபடி எழுந்திரிச்சுடுச்சு.

உக்காரு. உக்காரும்மா. எத்தன தடவைதான் எழுந்திரிப்ப? …இல்ல, உக்காராத. இங்க வா. உள்ள வா, யாரும் இல்ல. அந்தப் பக்கெட்டப் பாத்து வா, வழுக்கும். இந்தக் காகிதத்தப் பாரு. உன் எழுத்துதானே? …அழாத. அட, அழாதங்கறேன்ல! ஃபைல்ல வெச்சுக்க. மடிப்ப நீவி வெச்சுக்க, கிழிஞ்சுடப் போவுது. நான் என்ன சொல்லணும்னு… இல்ல, நீ ஒண்ணும் சொல்ல வேணாம். நீ கேளு. ஒவ்வொண்ணாக் கேளு. உனக்குத்தான் கேக்க வருமே. கேளு, நான் பதில் சொல்றேன், அந்தம்மா வந்து எழுதிக்கட்டும்.

*

தண்ணீர் குடிக்கத்தான் எழுந்து போனேன் என்கிறார் அண்ணி. கதவு திறந்தே இருந்ததால் அவர் பேசியது வராந்தா வரை கேட்டதாம். திரும்பி வந்தபோது பொறுப்பாளரும் அந்தப் பெண்ணும் மேசையின் ஒரே பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்களாம். அறிக்கை மூன்று பக்கம் வந்தது. அதில் என்ன இருந்தது என்று அண்ணி சொல்லவில்லை. அது விசாரணை ஆவணம். நானும் கேட்கவில்லை.

ஏழு மாதமாக அதே இணைப்பு வேலையில்தான் நானும் இருக்கிறேன். பொருள்களின் திருத்தப் பதிவேட்டைப் பார்க்க எனக்கு அனுமதி உண்டு. வாக்குமூலம் நடந்ததாக அண்ணி சொன்ன தேதியைப் போட்டு அந்தக் கிடங்கின் பதிவுகளைத் தேடிப் பார்த்தேன். அன்று மாலை 4.50 முதல் 7.10 வரை பொறுப்பாளரின் பணியாளர் எண்ணில் நாற்பத்துமூன்று பொருள்களுடைய பெயர்கள் திருத்தப்பட்டிருக்கின்றன. வாளி மூடி என்று இருந்தது எரிபொருள் வடிகட்டி என்றும், தரைவிரிப்பு என்று இருந்தது மின்கம்பிச் சுருள் என்றும் மாறியிருக்கின்றன. சரிபார்த்தவர் என்ற கட்டத்தில் நாற்பத்துமூன்றிலும் ஒரே எண்தான் இருக்கிறது. அது அந்தப் பெண்ணின் எண். துடைப்பம் அந்தப் பட்டியலில் முப்பத்தெட்டாவதாக வருகிறது.